லாடம் தேடிப் போன மொகுதூம் காக்கா

மொகுதூம் காக்கா இறந்த செய்தி எங்கள் கார் லிஃப்ட் குழுவில்தான் முதலில் வந்தது. அஜ்மானிலிருந்து ஷார்ஜா தொழிற்பேட்டைக்குத் தினமும் ஒரே வண்டியில் போகிற ஐந்து பேருக்கான வாட்ஸ்அப் குழு அது. "பத்து நிமிடம் லேட்", "இன்று லீவ்", "பாலத்தில் டிராஃபிக்" என்பதைத் தாண்டி அதில் யாரும் எதுவும் எழுதியதில்லை. அன்று காலை வண்டி ஓட்டும் ரபீக் எழுதியிருந்தார்: "காக்கா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." காலைத் தொழுகை முடித்துவிட்டுச் சற்றுப் படுத்தவர் பிறகு எழவில்லை என்று கீழே இன்னொரு வரி. நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். மூடியைக் கையில் வைத்தபடி அந்த இரண்டு வரிகளையும் பல தடவை படித்தேன்.

அடக்கத்திற்கு ஆண்கள் போனார்கள். நான் காக்காவின் வீட்டுக்குப் போய் அவர் மனைவி லாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஊரான காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் சொல்வார்கள். எங்கள் அலுவலகத்தில் மதுரைக்காரரும் யாழ்ப்பாணத்தவரும் பாலக்காட்டுக்காரரும்கூட அவரைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் பொது மேலாளர், அபூ காலித் என்று எல்லோரும் அழைக்கும் அரபியர், அது அவருடைய குடும்பப் பெயர் என்று நினைத்து ஒரு முறை கடிதத்திலேயே 'மிஸ்டர் காக்கா' என்று எழுதிவிட்டார். காக்கா அதைத் திருத்தவில்லை. "எனக்கு வயசுல மூத்தவர். அவரும் என்னைக் காக்கான்னா நான் ஏன் தடுக்கணும்?" என்றார்.

அவரை அறிந்த பலர் இதைப் படிக்கக்கூடும். உங்களில் சிலருக்கு அவர் அரசு அலுவலகங்களுக்குக் காகிதங்களோடு அலைகிற மந்தூப். சிலருக்கு அரபி, ஆங்கிலம், உருது, தமிழ் நான்கிலும் மனு எழுதித் தந்தவர். பக்கத்து மேசையில் ஒன்பது ஆண்டுகள் அவரோடு வேலை செய்தவள் நான். அவரிடம் எனக்குள்ள நன்றி ஒரு ஆங்கிலத் தொடரைப் பற்றியது. அதைச் சொல்லுமுன் ஒரு தண்ணீர்க் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எங்கள் தொழிலாளர் கேம்பில் ஒரு குழாய்க்கு மேல் ஒட்டுவதற்காக "இது குடிநீர் அல்ல" என்று எழுதி அச்சுக்குக் கொடுத்தார் காக்கா. அச்சகத்தில் 'அல்ல' என்ற சொல் இடம் போதாமல் அடுத்த வரிக்குப் போய், அங்கிருந்த நீர்ச்சொட்டுப் படத்தின் பின்னால் மறைந்துவிட்டது. மத்தியானம் அதை யாரோ படம் எடுத்து அனுப்பியதும் காக்கா வண்டி பிடித்துக் கேம்புக்குப் போனார். அறிவிப்பைக் கிழித்தார். புதியது அச்சாகி வரும்வரை அந்தக் குழாயின் அருகிலேயே நின்று, வருகிற ஒவ்வொருவரிடமும் அவரவர் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார். கிழித்த பிறகும் எதற்கு நின்றீர்கள் என்று கேட்டேன். "காலையில படிச்சவங்க கண்ணுல இன்னும் அது ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கும்" என்றார். தவறு அச்சகத்தினுடையது என்று அவர் யாரிடமும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வண்டியில் அவர் முன் இருக்கையில் உட்கார்ந்து வழியிலுள்ள பலகைகளை எல்லாம் வாசித்துக்கொண்டே வருவார். ஒரு சொல் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய் எப்படி மாறியது என்று கண்டுபிடிப்பதில் அவருக்குச் சின்னப் பிள்ளையின் ஆசை. ரபீக் அலுத்துக்கொள்வார். "காக்கா, சொல்லுக்கெல்லாம் விசா அடிக்கிறீங்களே, என் தம்பி விசா என்னாச்சு?" காக்கா திரும்பிப் பார்க்காமல் சொல்வார்: "உன் தம்பி ஒரு எழுத்த மாத்திப் பேரு எழுதிருக்கான். அதுவும் சொல்லோட பிரச்சினைதான்."

இனி என் தவறு. அது இப்படி நடந்தது.

நான் திருநெல்வேலியில் ஆங்கில இலக்கியம் படித்தவள். இங்கே ஊழியர் நலப் பிரிவில் வேலை. சாலை நடுவே உள்ள மரங்களையும் பூஞ்செடிகளையும் பராமரிக்கும் பன்னிரண்டு பேர் ஒரு நாள் என் மேசைக்கு வந்தார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் ஜெயபால், நாகர்கோவில்காரர். அவர் மேல் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். முன்னால் நின்றவர் வேலுச்சாமி, சிவகங்கைப் பக்கம். அவருடைய மகன் பிறந்து மூன்று வயதாகியும் இவர் இன்னும் நேரில் பார்த்ததில்லை. மூன்றாவது முறையாக லீவைத் தள்ளிவைத்திருந்தார் ஜெயபால். வைகாசியில் பிள்ளைக்குக் காதுகுத்து, பத்திரிகை அடித்தாகிவிட்டது.

"என்னதான் பண்றார்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றேன்.

"என்னத்தச் சொல்றது மேடம். ஏறி மிதிக்கிறாரு. அவ்வளவுதான்."

"பேரச் சொல்லிக் கூப்பிட மாட்டாரு மேடம், நம்பரத்தான் சொல்வாரு" என்றார் பின்னால் ஒருவர். "நாப்பத்தேழு, இங்க வா. இப்படி."

"ஒனக்காச்சும் நாப்பத்தேழு. எனக்கு நானூத்தி இருபதுடா" என்றார் இன்னொருவர். "ஊர்ல தெரிஞ்சா வேற வினையே வேணாம்."

எல்லோரும் சிரித்தோம். நிழலில் உட்கார விடுவதில்லை, தண்ணீர் குடிக்கக் கை தூக்கிக் கேட்க வேண்டும், லீவ் பட்டியலைத் தன் விருப்பத்துக்கு மாற்றுகிறார் என்று மேலும் சொன்னார்கள். நான் கேட்டுக்கொண்டே தட்டச்சு செய்தேன். நான் எழுதியது ஐந்தே வரிகள். அதன் நடுவில், கல்லூரிக் காலத்தில் படித்து எங்கேயும் பயன்படுத்த வாய்க்காத ஒரு தொடரைப் பதித்தேன்: 'ஹி இஸ் ரைடிங் ரஃப்ஷாட் ஓவர் அஸ்'. மற்றவர்களின் உரிமையையோ மனத்தையோ பொருட்படுத்தாமல் அவர்கள் மேல் ஏறிப் போவதை ஆங்கிலத்தில் இப்படிச் சொல்வார்கள். 'ஏறி மிதிக்கிறார்' என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காது என்று எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நிழலும் தண்ணீரும் லீவும் அந்த ஒரு தொடருக்குள்ளேயே அடங்கிவிட்டதாக நினைத்துத் தனித்தனியாக எழுதாமல் விட்டேன். பன்னிரண்டு பேரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து வேலுச்சாமியுடையது.

அந்த வாரம் காக்கா தோஹாவில், நஜ்மா பகுதியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அபூ காலிதுக்கு எதுவும் அரபியில் போக வேண்டும். அதனால் புகார் வெளியே, அரபியில் பெயர்த்து அடித்துத் தரும் ஒரு டைப்பிங் சென்டருக்குப் போனது. அங்கே யாரோ 'ரஃப்ஷாட்' என்பதைப் பார்த்து, 'ஷாட்' என்றால் காலணி அணிந்தது என்று அகராதியில் கண்டு, "கரடுமுரடான காலணியோடு எங்கள் மேல் ஏறுகிறார்" என்று பெயர்த்துவிட்டார்கள்.

காலணி படுவது இந்த ஊரில் எவ்வளவு பெரிய அவமானம் என்று சொல்லத் தேவையில்லை. அபூ காலித் கொதித்துப் போனார். ஜெயபாலை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீசுக்குப் போவதா என்ற பேச்சு வந்தது. அதற்கு முன் காயத்தைப் பதிவு செய்ய வேண்டுமே. பன்னிரண்டு பேரையும் வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கம்பெனி நர்ஸ் ஒவ்வொருவர் முதுகாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"எதுக்கு மேடம் சட்டையக் கழட்டச் சொல்றாங்க?" என்று வேலுச்சாமி என்னைக் கேட்டார்.

என் தொடர்தான் தவறாகப் பெயர்ந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஆனாலும், "சும்மா ரொட்டீன் செக்கப்" என்றேன்.

காயம் எதுவும் இல்லை. எனவே புகார் பொய் என்று முடிவாயிற்று. பன்னிரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், முதலில் கையெழுத்திட்டவருக்கு அந்த ஆண்டு லீவ் ரத்து. அபூ காலித் திங்கட்கிழமை கையெழுத்திடுவார். "இவர்கள் ஏன் இப்படிப் பொய் சொல்கிறார்கள்?" என்று அவர் கூட்டத்தில் கேட்டபோது நானும் அங்கேதான் இருந்தேன். குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காக்கா திரும்பி வந்தார். அரபிக் காகிதத்தைப் படித்தார். ஆங்கிலத்தை வாங்கிப் படித்தார். உரக்கச் சிரித்தார்.

"இந்த இங்கிலீஷ் யாரோடது?"

"என்னோடதுதான் காக்கா."

"தமிழ்ல என்ன சொன்னாங்க?"

"ஏறி மிதிக்கிறார்னு."

"அப்ப பாருங்க தங்கச்சி, தமிழ்ல கால் நடையா வந்து மிதிச்ச மனுஷன், உங்க இங்கிலீஷ்ல 'ரைடிங்'னு குதிரை ஏறியிருக்கான். அரபில மறுபடி செருப்போட எறங்கிட்டான்."

நானும் சிரித்தேன். பிறகு சட்டை கழற்றிய விஷயத்தையும், வேலுச்சாமியிடம் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு வெள்ளிக்கிழமை லீவுதானே. ஜும்மா முடிஞ்சதும் ஒரு இடத்துக்குப் போகணும். நீங்களும் வாங்க. உங்க குதிரைதானே" என்றார்.

ஊருக்கு வெளியே ஒரு குதிரை லாயத்துக்கு ரபீக் எங்களைக் கூட்டிப் போனார். லாத்தாவும் வந்திருந்தார். அங்கே லாடம் அடிக்கும் அஸ்லம் பாய், காக்காவுக்கு ஏதோ விசா விஷயத்தில் பழக்கமானவர். காக்கா அவரிடம் உருதுவில் விளக்கினார். குளிர் நாடுகளில் தரையில் பனி உறைந்து கிடக்கும்போது குதிரை வழுக்காமலிருக்க, ஆணித் தலைகளை முழுதும் உள்ளே அடிக்காமல் துருத்தியபடி விடுவார்களாம். அப்படி லாடம் கட்டிய குதிரைதான் 'ரஃப்ஷாட்'. அதே மாதிரி ஒன்று வேண்டும்.

"யஹான் பர்ஃப் கஹான் ஹை, பாய்?" என்றார் அஸ்லம். இங்கே பனி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தலையில் அடித்துக்கொண்டே ஒரு பழைய லாடத்தை மரக்கட்டையில் வைத்து ஆணிகளைப் பாதி பாதியாக அடித்துத் தந்தார்.

என் கையில் வைத்துப் பார்த்தேன். சின்னக் கனம்தான். விரலை வைத்து அழுத்தியதும் ஆணித் தலை குத்தியது. சண்டைக் குதிரைகளுக்கு எதிரியைக் கிழிப்பதற்கென்றே இப்படி அடித்ததாகவும் சிலர் சொல்வார்கள், அது எவ்வளவு உண்மையென்று தெரியவில்லை என்றார் காக்கா. பனிக்காக அடித்தது என்பதில்தான் அவருக்கு நம்பிக்கை. லாத்தா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தன் குதிரை விழக்கூடாதுன்னுதானே அடிச்சிருக்காங்க. கீழ ஒருத்தன் கெடப்பான்னு நெனச்சிருக்கவே மாட்டாங்க" என்றார்.

காக்கா திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்குச் சிரமமாக இருந்திருக்கும். என் ஆங்கிலம் வழுக்காமல் நிற்க நான் அடித்த ஆணி அது. கீழே பன்னிரண்டு பேர் இருந்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். அரபியில் 'நஅல்' என்றால் செருப்பு, அதுவே குதிரை லாடத்துக்கும் பெயர். உருதுவில் அது 'நால்' ஆகி லாடத்துக்கு மட்டும் நின்றுவிட்டது. "தமிழ்ல பாருங்க, 'லாடம் கட்டிருவேன்'னு போலீஸ்காரன் மெரட்டுவான். இங்கிலீஷ்காரனுக்கு லாடம் மிதிக்கிறவன் பக்கம் இருக்கு. நம்ம ஆளுக்கு அடி வாங்குறவன் கால்ல இருக்கு. எந்தப் பக்கத்துல நின்னு பாத்து அந்தச் சொல்ல உண்டாக்குனாங்கன்னு இதுல தெரிஞ்சுரும்." பிறகு, "திங்கக்கிழமை நான் அர்த்தத்தச் சொல்லிருவேன். யார் எழுதுனதுன்னு நானாச் சொல்ல மாட்டேன். கேட்டா மறைக்கவும் மாட்டேன்" என்றார்.

திங்கட்கிழமை காக்கா அந்த லாடத்தை அபூ காலிதின் மேசையில், கையெழுத்துக்காக வைத்திருந்த கடிதங்களின் மேல் வைத்தார். அபூ காலிதுக்குக் குதிரைகள் பிடிக்கும். எடுத்துப் பார்த்தார், ஆணிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்று கேட்டார். காக்கா அரபியில் நிதானமாகச் சொன்னார். நடுவில் அபூ காலித் நெற்றியில் கைவைத்துச் சிரித்ததும், உடனே முகம் மாறிக் கடிதங்களைப் பார்த்ததும் எனக்கு மொழி தெரியாமலே புரிந்தது. பிறகு ஆங்கிலத்தில் கேட்டார்: "அப்படியானால் இந்தத் தொழிலாளிகளில் யார் இவ்வளவு நல்ல ஆங்கிலம் எழுதியது?"

காக்கா தன் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "அவர்கள் அதைப் படிக்கவில்லை. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை."

கடிதங்களைக் கிழித்துவிட்டார் அபூ காலித். அன்று மாலையே நானும் காக்காவும் கேம்புக்குப் போனோம். முதலில் நான் பன்னிரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். சட்டை கழற்றச் சொன்ன காரணத்தையும் சொன்னேன். கடைசியில், முன்பு நானூற்று இருபது என்று சிரிக்க வைத்தவர்தான், "எங்கள வச்சுக் குதிரைச் சவாரி பண்ணிட்டீங்களே மேடம்" என்றார். அவர் சிரித்தார். வேலுச்சாமி சிரிக்கவில்லை. அது நியாயம்தான்.

காக்கா தரையில் உட்கார்ந்து புதிய தாள் எடுத்தார். "மிதிக்கிறார்னு சொல்லாதீங்க. காலைல எந்திரிச்சதுலேருந்து என்ன நடக்குதோ அத மட்டும் சொல்லுங்க" என்றார். அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி, ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டி, "இதத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டார். இரண்டு இடங்களில் இல்லை என்றார்கள். அடித்துவிட்டு மறுபடி எழுதினார். ஆங்கிலத்தைத் தொடாமல் நேராக அரபிக்குக் கொண்டுபோனார். நிழல், தண்ணீர், பெயர் சொல்லி அழைப்பது, லீவ் பட்டியல். நான்கும் தனித்தனி வரிகள்.

ஜெயபாலை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். போகுமுன் என் மேசைக்கு வந்து நின்றார். "நான் யார் மேலயும் கால் வைக்கல மேடம். செடி காஞ்சா என் வேலை போயிரும். அந்தப் பயத்துல பேசுனதுதான்" என்றார். "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் செடி காயுமா?" என்று கேட்க நினைத்தேன். கேட்கும் தகுதி அன்று எனக்கு இல்லை. "உங்களையும் தேவையில்லாமல் சிக்க வைத்துவிட்டேன், மன்னியுங்கள்" என்றேன்.

எனக்கு அரபியில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை எனக்காகத் தமிழில் சொல்லிக் காட்டியவரும் காக்காதான். முடித்துவிட்டு, "நல்ல கடிதம். எதையும் சுத்தி வளைக்கல" என்றார். வேலுச்சாமி காதுகுத்துக்குப் போய் வந்தார். மொட்டைத் தலையும் புதுக் கம்மலுமாக அழுகிற பிள்ளையின் படத்தைக் காக்காவின் மேசைக்குக் கொண்டுவந்து காட்டினார். "புள்ள என்னப் பாத்துத்தான் அழுதான் பாய், காது குத்துனதுக்கு அழல" என்றார். காக்கா அந்தப் படத்தை வாங்கி எனக்கும் காட்டச் சொன்னார். வேலுச்சாமி காட்டினார்.

இதையெல்லாம் காக்கா பிறகு யாரிடமும் கதையாகச் சொன்னதில்லை. நல்ல கதை, சிரிக்க வைக்கிற கதை, வண்டியில் நேரம் போக நூறு முறை சொல்லியிருக்கலாம். ரபீக் கிண்டிக் கேட்டபோதுகூட, "குதிரை விஷயமா? அது ஒரு சொல்லோட தகராறு" என்று முடித்துவிட்டார். என்னை அவர் காப்பாற்றவில்லை, காட்டிக் கொடுக்கவும் இல்லை. நானே எழுந்து நிற்பதற்கு இடம் விட்டு, பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குக் காட்டிய மரியாதைகளில் அதைப் பெரியதாக நினைக்கிறேன்.

இப்போது ஊழியர் நலப் பிரிவுக்கு நான் பொறுப்பாளர். என் எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட எனக்கு அதிகாரம் இருக்கிறது. எடுக்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, எழுதியதைச் சொன்னவருக்கே திரும்பப் படித்துக் காட்டும் பழக்கம். அதற்கு நேரமாகும். வெளியே வரிசை நீளும், உதவியாளர்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவரை அடக்கம் செய்த மறுவாரம், சமையல் பிரிவிலிருந்து ராமநாதபுரத்துக்காரர் ஒருவர் வந்து புகார் சொன்னார். நான்கு வரி எழுதி வாசித்துக் காட்டினேன். அவர் சற்று யோசித்து, தயங்கி, "கோச்சுக்காதீங்க மேடம், நான் சொன்னது இது இல்ல" என்றார்.

"அப்படியா, உக்காருங்க. முதல்லேருந்து சொல்லுங்க" என்று தாளைத் திருப்பினேன்.